ஓடும்போது நன்றாக ஓடுகிறது, நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது: பம்ப்பை மாற்றலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். 2016 மாடல் சின்ன பெட்ரோல் கார், 85,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்து தினமும் அலுவலகம் போய் வருகிறது. காலையில் செல்ஃப் அடித்தால் கொஞ்சம் இழுத்துத்தான் பிடிக்கிறது. ஓட்டிப் போய் எங்காவது நிறுத்திவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்தால் ஆறேழு நொடி செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஓடும்போது பிக்கப், மைலேஜ் எல்லாம் பழையபடியே இருக்கின்றன, பெட்ரோல் வாசனையும் வருவதில்லை. பேட்டரியை மாற்றியும் பார்த்துவிட்டீர்கள். மெக்கானிக் “ஃப்யூல் பம்ப் போச்சு, முழு செட்டையும் மாத்தணும்” என்கிறார். மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடும்போது குறையே இல்லாத வண்டியில் பம்ப் எப்படிப் போயிருக்கும், இவர் சொல்வதை நம்பிப் பணம் போடலாமா என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கிற கேள்வி என்று எனக்குப் படுகிறது. நியாயமான சந்தேகம்.

நான் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டு 1998-ல் பெங்களூரு வில்சன் கார்டனில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவன். இன்றைக்கும் அதே தொழில்தான், இப்போது சொந்தப் பட்டறை. உங்கள் காரை நான் பார்க்கவில்லை, பெட்ரோல் பிரஷரை அளக்கும் கேஜும் போடவில்லை. அதனால் இந்தக் காரில் இதுதான் கோளாறு என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன அறிகுறிகள் எந்தப் பக்கம் கை காட்டுகின்றன, அதை எப்படி உறுதி செய்வது என்று தெளிவாகச் சொல்ல முடியும். உங்கள் மெக்கானிக் சொன்ன பாகம் சரியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அவர் அதைச் சோதித்துச் சொன்னதாக உங்கள் கேள்வியில் எங்கும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பெட்ரோல் டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்புக்கு இரண்டு வேலை. ஒன்று, பெட்ரோலைத் தள்ளுவது. உங்களுடையது போன்ற கார்களில் எஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் மாட்டியிருக்கும் குழாயில் (ரெயில் என்போம்) பிரஷர் பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரை இருக்கும். இரண்டாவது வேலை, எஞ்சினை அணைத்த பிறகு அந்த பிரஷரை இறங்க விடாமல் பிடித்து வைப்பது. இதற்காகப் பம்ப்பின் வாயிலேயே ஒரு சின்ன வால்வு இருக்கிறது. போன பெட்ரோலைத் திரும்பி வர விடாது. நாங்கள் என்.ஆர்.வி. (நான்-ரிட்டர்ன் வால்வு) என்போம். முதல் வேலை கெட்டால் வண்டி ஓடும்போதே தெரியும். ஏ.சி. போட்டுக்கொண்டு மேம்பாலம் ஏறினால் இழுக்காது, ஆக்சிலேட்டரை மிதித்தால் திணறும். இரண்டாவது கெட்டால் ஓட்டத்தில் எதுவுமே தெரியாது, அடுத்த தடவை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் தெரியும். “பம்ப் போச்சு” என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. உங்கள் வண்டி ஓட்டத்தில் நன்றாக இருப்பதால் பம்ப் மோட்டாரை நான் அவ்வளவாகச் சந்தேகப்படவில்லை. அணைத்த பிறகு எங்கோ பிரஷர் கசிகிறது என்றுதான் நினைக்கிறேன்.

அரை மணி நேரம் என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எஞ்சினை அணைத்ததும் சூடு குறையத் தொடங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பானட்டுக்குள் நடப்பது வேறு. விசிறி நின்றுவிடுகிறது, எதிர்க்காற்று இல்லை, ரேடியேட்டர் தண்ணீர் சுற்றுவதில்லை. எஞ்சின் கட்டையில் இருக்கிற சூடு மேலே ஏறி ரெயிலையும் இன்ஜெக்டரையும் சுட வைக்கிறது. இருபது, முப்பது நிமிடம் இது நீடிக்கும். பெட்ரோல் என்பது பல திரவங்களின் கலவை, அதில் லேசான பகுதி 40 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கிவிடும். ரெயிலில் பிரஷர் நின்றால் அந்தச் சூட்டிலும் அது திரவமாகவே இருக்கும். பிரஷர் இறங்கிவிட்டால் ரெயிலுக்குள் ஆவிக் குமிழிகள் கட்டிக்கொள்ளும். நீங்கள் செல்ஃப் அடிக்கும்போது இன்ஜெக்டர் திறந்தாலும் வருவது பாதி ஆவி. அது தீர்ந்து நல்ல பெட்ரோல் வந்து சேரும் வரை எஞ்சின் சும்மா சுற்றும். அந்த ஆறேழு நொடி இதுதான். ஐந்து நிமிடத்தில் வந்தால் பிரஷர் இன்னும் முழுக்க இறங்கியிருக்காது. நாலைந்து மணி நேரம் கழித்து வந்தால் பிரஷர் போயிருந்தாலும் சூடும் போயிருக்கும், ஆவியும் இருக்காது. அதனால்தான் காலையில் கொஞ்சமாகவும், அரை மணி நேர நிறுத்தத்தில் அதிகமாகவும் படுத்துகிறது.

நான் தொழில் கற்ற காலத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் மேடு ஏறி வரும் அம்பாசடர் டாக்சிகளில் எஞ்சின் பக்கத்து பெட்ரோல் பம்ப்பைச் சுற்றி ஒரு ஈரத்துணி கட்டியிருக்கும். வண்டி நின்றுபோனால் டிரைவர் அதன் மேல் சொம்பில் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் காத்திருந்து, மறுபடி எடுப்பார். அதுவும் இதே ஆவி விவகாரம்தான். கார்பரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்ததும், பம்ப் டேங்க்குக்குள் போய் பிரஷரும் ஏறியதால் அந்தத் துணிக்கு வேலை இல்லாமல் போனது. பிரஷர் இறங்கிவிட்ட காரில் அந்தப் பழைய நோய் திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

சரி, காசு செலவில்லாமல் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை. வண்டியை நன்றாகச் சூடேற ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். அரை மணி நேரம் கழித்து வந்து சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்கள், செல்ஃப் அடிக்க வேண்டாம். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் கிளட்ச்சிலோ பிரேக்கிலோ கால் வைக்காமல் பட்டனை இரண்டு தடவை அழுத்துங்கள். சன்னல்களை ஏற்றிவிட்டு, ரேடியோவையும் ஏ.சி.யையும் அணைத்துவிட்டுப் பின்சீட்டுப் பக்கம் காது கொடுத்தால் ‘ம்ம்ம்’ என்று இரண்டு நொடி ஒரு முனகல் கேட்கும். பம்ப் பிரஷர் ஏற்றுகிற சத்தம் அது. நின்றதும் சாவியை ஆஃப் செய்யுங்கள். பத்து நொடி விட்டு மறுபடி ஆன். இப்படி மூன்று தடவை செய்துவிட்டுச் செல்ஃப் அடியுங்கள். உடனே பிடித்துக்கொண்டால், பிரஷர் இறங்குவதுதான் கோளாறு என்பதற்கு நல்ல சான்று கிடைத்துவிட்டது. மாற்றம் இல்லையென்றால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர வேண்டாம், ஏனென்றால் சில மாடல்களில் காரின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் பம்ப்பை ஓட விடாது.

அடுத்த நாள் அதே நிலையில் வேறொன்று செய்து பாருங்கள். ஆக்சிலேட்டரை அடி வரை மிதித்தபடியே செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான கார்களில் அப்படிச் செய்தால் இன்ஜெக்டர்கள் பெட்ரோலை நிறுத்திவிடும். எஞ்சினில் பெட்ரோல் தேங்கியிருந்தால் அதை வெளியேற்றுவதற்கான ஏற்பாடு அது. இப்படி மிதித்தால் சட்டென்று பிடித்து, பின்னால் கறுப்புப் புகை வந்தால், இன்ஜெக்டர் ஏதோ ஒன்று சொட்டுகிறது என்று பொருள். பிரஷர் இறங்க அது இன்னொரு வழி. பெட்ரோல் டேங்க் பக்கம் திரும்பிப் போகாமல் எஞ்சினுக்குள் கசிகிறது. எஞ்சின் பெட்ரோலுக்காகத் தவிக்காது, மூழ்கிக் கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கோளாறுக்கும் ஒரே முகம். அரை மணி நேரக் கணக்குகூட ஒத்துப்போகும்.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நானே ஒருவரைக் கஷ்டப்படுத்தியிருக்கிறேன். 2011 என்று நினைவு. அல்சூரிலிருந்து ஒரு நர்ஸ் அக்கா, இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது வழியில் எங்கேயும் நிறுத்தப் பயமாக இருக்கிறது என்று காரைக் கொண்டுவந்து விட்டார்கள். உங்களுடைய அதே அறிகுறி. சாவியை மூன்று தடவை ஆன் செய்து பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை போல இருந்தது. அதை நம்பிப் பம்ப் செட்டை மாற்றிக் கொடுத்தேன். பத்தாவது நாள் அதே குறையோடு திரும்பி வந்தார்கள். அன்றைக்குத்தான் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். மூன்று பிளக் காய்ந்து பழுப்பாக இருந்தது, மூன்றாம் சிலிண்டர் பிளக் மட்டும் மை பூசியது போல் கறுத்து, நுனியில் ஈரம் மின்னியது. மோந்து பார்த்தால் பெட்ரோல். ரெயிலோடு நான்கு இன்ஜெக்டர்களையும் தூக்கி, கீழே வெள்ளைத் தாள் விரித்து, சாவியை ஆன் செய்தால் மூன்றாவதின் நுனியில் ஒரு துளி உருண்டு, விழுந்து, அடுத்தது உருள ஆரம்பித்தது. ஒரு நிமிடத்துக்கு ஒரு சொட்டு விழுந்தாலே அந்த இன்ஜெக்டரை வைத்திருக்கக் கூடாது. அந்த அக்காவுக்குப் பம்ப் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த மாதமே இரண்டு பக்கமும் அடைப்பு வால்வு வைத்த பிரஷர் கேஜ் ஒன்று வாங்கினேன். அதற்குப் பிறகு கேஜ் போடாமல் ஒரு பம்ப்பையும் நான் மாற்றியதில்லை.

அந்தக் கேஜ் சோதனையைத்தான் உங்கள் காருக்கும் கேட்டு வாங்கச் சொல்கிறேன். நம் ஊரில் ஓடும் பல சின்ன கார்களில் ரெயிலில் கேஜ் மாட்டத் தனி வாய் கிடையாது. ரெயிலுக்கு வரும் ஹோஸைக் கழற்றி நடுவில் ‘T’ வடிவ இணைப்பு போட்டு மாட்ட வேண்டும். இந்த வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் பலர் கேஜ் போடாமல் ஊகித்துச் சொல்கிறார்கள். மாட்டியதும் எஞ்சினை ஓட விட்டு பிரஷர் கம்பெனி சொன்ன அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் கேஜ் முள் தளரக் கூடாது. தளராமல் நின்றால் பம்ப் மோட்டார் நன்றாக இருக்கிறது. அப்புறம் எஞ்சினை அணைத்துவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் வேலை செய்த பல சின்ன கார்களின் கையேட்டில், அணைத்து ஒரு நிமிடத்தில் இவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்று மட்டும்தான் போட்டிருக்கும், பெரும்பாலும் 2.5 பார் அளவில். அந்த ஒரு நிமிடச் சோதனையில் தேறிவிட்டது என்று கேஜைக் கழற்றிவிடுவது பெரிய தப்பு. உங்கள் தொல்லை முப்பதாவது நிமிடத்தில் வருகிறது, கேஜும் முப்பது நிமிடம் இருக்க வேண்டும். பானட்டை மூடி வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து அளவை எழுதிக்கொள்ள வேண்டும். நல்ல வண்டியில் ரெயில் சூடாகும்போது முள் கொஞ்சம் மேலேகூட ஏறும், அப்புறம் மெதுவாகத் தணியும். என்.ஆர்.வி. கெட்ட வண்டியில் முள் கடிகார நிமிட முள் மாதிரி கண்ணுக்குத் தெரியாமல் நகர்ந்து, கால் மணி நேரத்தில் பூஜ்யத்தில் படுத்திருக்கும்.

இறங்குகிறது என்று தெரிந்தபின் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மறுபடி பிரஷர் ஏற்றி, கேஜுக்கும் டேங்க்குக்கும் நடுவில் இருக்கும் வால்வை அடைக்க வேண்டும். முள் அப்படியே நின்றால் கசிவு டேங்க் பக்கம். அடைத்த பிறகும் இறங்கினால் இன்ஜெக்டர் பக்கம், அல்லது கேஜ் மாட்டிய இணைப்பே சொட்டுகிறது. அதையும் விரலால் தடவிப் பார்த்துவிட வேண்டும். வால்வு இல்லையென்று ஹோஸைப் பிளையரால் நெரிக்க விடாதீர்கள். இப்போதைய கார்களில் அது நைலான் குழாய், நெரித்தால் விரிசல் விடும். இந்த வேலைகள் எதையும் அபார்ட்மென்ட்டின் தரைக்கடி பார்க்கிங்கில் செய்யக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தேங்கி நிற்கும், எங்கோ ஒரு சுவிட்ச் பொறி போதும். திறந்த வெளியில், எஞ்சின் ஆறிய பிறகு, பம்ப் ரிலேயையோ ஃப்யூஸையோ பிடுங்கிவிட்டு எஞ்சின் தானாக அணையும் வரை ஓட விட்டு பிரஷரை இறக்கிய பிறகுதான் ஹோஸைத் தொட வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் இருக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர் இதைத் தானே முயல வேண்டாம் என்று உறுதியாகவே சொல்கிறேன்.

டேங்க் பக்கம் என்று முடிவானால் உங்கள் மெக்கானிக் சொன்னது பெருமளவு சரியாகிவிடும். உங்கள் கார் காலத்துக் கார்கள் பலவற்றில், மிஞ்சும் பெட்ரோல் எஞ்சினிலிருந்து டேங்க்குக்குத் திரும்பிவரும் குழாய் கிடையாது. பம்ப், என்.ஆர்.வி., பிரஷர் ரெகுலேட்டர், ஃபில்டர் எல்லாம் டேங்க்குக்குள் ஒரே கூட்டில் இருக்கும். என்.ஆர்.வி. தனியாகக் கிடைக்காது, பம்ப்போடுதான் வரும். ஆனால் கூட்டை வெளியே எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியவை வேறு. ரெகுலேட்டரைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) வெடித்திருக்கிறதா, பம்ப்பிலிருந்து மேல்மூடிக்குப் போகும் சின்ன நெளிகுழாயில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் ஒன்றாக இருந்தால் செலவு மிகக் குறைவு. பம்ப்தான் என்றால் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் உள்மோட்டார் மட்டும் தனியாகவும் கிடைக்கும், முழுக் கூடாகவும் கிடைக்கும். பெயர் தெரியாத மலிவு மோட்டார்களை உங்கள் விஷயத்தில் நான் போட மாட்டேன். அவை தள்ளுகிற வேலையைச் செய்துவிடும், பிடித்து வைக்கிற வால்வில்தான் ஏமாற்றும், உங்களுக்குத் தேவைப்படுவதே அந்த வால்வுதான். கூட்டை எடுக்கும் அன்று டேங்க்கில் பெட்ரோல் குறைவாக இருப்பது நல்லது. மற்ற நாட்களில் ரிசர்விலேயே ஓட்டாதீர்கள், பம்ப்புக்கு அந்த பெட்ரோல்தான் குளிர்ச்சி.

பிரஷர் அரை மணி நேரமும் நின்றுவிட்டால் பெட்ரோல் பக்கத்தை விட்டுவிட வேண்டியதுதான். அப்போது மற்றவற்றைப் பாருங்கள். தண்ணீர் சூட்டைச் சொல்லும் சென்சார் தப்பாகச் சொன்னால் கம்ப்யூட்டர் தப்பான அளவு பெட்ரோல் கொடுக்கும். காலையில் எஞ்சினைத் தொடுவதற்கு முன், காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் தண்ணீர் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். மைனஸ் 40 என்று காட்டினால் ஒயர் அறுந்திருக்கிறது. எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சிலவேளை சூட்டில் மட்டும் செத்துப்போகும், அப்போது செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனரில் ஆர்.பி.எம். பூஜ்யமாகவே இருக்கும். பெட்ரோல் போட்ட உடனே மட்டும் ஸ்டார்ட் ஆகத் திணறினால் டேங்க் ஆவியை எஞ்சினுக்கு விடும் பர்ஜ் வால்வைச் சந்தேகப்படலாம். ஸ்கேனர் போட்டுப் பார்த்தாச்சு, கோளாறு எண் (எரர் கோட்) ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வகைக் கார்களில் பெரும்பாலும் ரெயிலில் பிரஷர் சென்சாரே கிடையாது, இல்லாததைப் பற்றி ஸ்கேனர் எப்படிச் சொல்லும்? ஒன்றுக்கு மட்டும் அது உதவும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவைச் சொல்லும் நீண்டகால ஃப்யூல் ட்ரிம் மைனஸ் 10 சதவீதத்துக்குக் கீழே கிடந்தால் இன்ஜெக்டர் சொட்டுவதற்கு அது துணைச் சான்று. உங்களுக்கு மைலேஜ் குறையவில்லை, வாசனை இல்லை என்பதால் அப்படி இருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் இது ஊகம்தான்.

எத்தனால் கலப்பால்தான் இப்படி ஆகிறதா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இதே பெங்களூருவில்தான் தொடங்கிவைக்கப்பட்டது, உங்கள் கார் அதற்கு முந்தையது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதற்கென்று செய்யப்படாத ரப்பரை நாளடைவில் பாதிக்கும், இவை உறுதியானவை. உங்கள் காரின் வால்வையோ ஓ-ரிங்கையோ அதுதான் கெடுத்தது என்று சொல்ல, கழற்றிய பாகத்தைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். 85,000 ஓடிய பம்ப்பில் என்.ஆர்.வி. தேய்வதை எத்தனால் வருவதற்குப் பல வருடம் முன்பே நான் பார்த்திருக்கிறேன். மேலே சொன்னது எதுவும் டீசல் காருக்கோ, சிலிண்டருக்குள்ளேயே நேரடியாக அடிக்கும் புது பெட்ரோல் எஞ்சின்களுக்கோ அப்படியே பொருந்தாது. அவற்றில் பிரஷர் நூற்றுக்கணக்கான பார், கைவைத்தால் தோலைத் துளைக்கும்.

உங்கள் மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போக வேண்டாம். “அண்ணா, செலவுக்குத் தயங்கல, கேஜ் போட்டு அரை மணி நேரம் நிறுத்திப் பார்த்துட்டு மாத்தலாமா? அதுக்கு லேபர் தனியா குடுத்துடறேன்” என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் மறுக்க மாட்டார். கேஜ் இல்லையென்றால் இருக்கிற பட்டறையை அவரே சொல்லிவிடுவார், சிவாஜிநகரிலும் வில்சன் கார்டனிலும் இதற்குப் பஞ்சமில்லை. மாற்றிய பிறகு அதே கேஜோடு இன்னொரு அரை மணி நேரம் நிறுத்தி, முள் நிற்பதை உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். பழைய பம்ப்பைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேஜில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிய அளவுகளை இங்கே போட்டால், டேங்க் பக்கமா இன்ஜெக்டர் பக்கமா என்று நானும் பார்த்துச் சொல்கிறேன்.